லா சப்பலிலிருந்து டிஸ்னிலாண்டுக்கு

1992இல் திறந்த டிஸ்னிலாண்ட் பாரிஸுக்கு, ரூ து ஃபொபூர் சேன்-தெனியிலிருந்து போவோருக்கு ஒரு நல்ல வழி உண்டு. லா சப்பலில் மெத்ரோ 2 பிடித்து நசியோனில் இறங்கி, எர்இஎர் ஏ ரயிலுக்கு மாறுவதுதான் அது. ஷத்லே நிலைய நெரிசலில் குழந்தை வண்டியைத் தள்ளி அல்லாட வேண்டாம். ஏறுமுன் பலகையில் ‘மார்ன்-லா-வலே ஷெஸி’ என்று இருக்கிறதா பாருங்கள். மற்றக் கிளை புவாசி-சேன்-லெஜே போய்விடும். கடைசி நிலையத்தில் வெளியே வந்தால் பூங்கா வாசல் நடை தூரந்தான்.

முதல் நாள் இரவே பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். சில சவாரிகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் உண்டு: பிக் தண்டர் மவுண்டனுக்கு 1.02 மீட்டர், ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 1.20, இந்தியானா ஜோன்ஸுக்கு 1.40 வேண்டும். நீண்ட வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் பிள்ளையின் முகம் வாடிவிடும், பாவம்.

கைக்குழந்தை இருந்தால் வரிசை வாசலிலேயே ‘பேபி ஸ்விட்ச்’ கேளுங்கள். அப்பா ஏறி இறங்கியதும், அம்மா மீண்டும் வரிசையில் நிற்காமல் ஏறலாம்.

நீச்சலுக்காகத் தங்குவதென்றால் விடுதியைப் பார்த்துப் பிடிக்கவும்: நியூபோர்ட் பே கிளப், செக்கோயா லாட்ஜில் குளம் உண்டு, விலை குறைந்த சாண்டா ஃபே, செயென்னில் இல்லை. பிரான்சின் பல குளங்களில் ஆண்கள் தொளதொள அரைக்காற்சட்டையோடு இறங்க விடமாட்டார்கள். உடலோடு ஒட்டிய நீச்சலுடையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.