சேற்றுக் காலத்துக்கு எந்த டயர்? சரக்கு வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

ஐப்பசி பிறந்தால் நம் தொழிலில் இரண்டு நெருக்கடி ஒன்றாக வந்து நிற்கும். தீபாவளிச் சரக்கு கடை கடையாகப் போய்ச் சேர வேண்டும். அதே வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தெருக்களை உழுது போட்டிருக்கும். சர்க்கரை, மைதா, வெல்லம், உப்பு இவை நான்கும் தண்ணீர் கண்டால் திரும்ப விற்பனைக்கு வராத சரக்கு. மூட்டை சேற்றில் விழுந்தால் முதல் போயிற்று. வண்டி ஓட்டும் தம்பி விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அது எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாத நஷ்டம். இவ்வளவும் தெரிந்திருந்தும், மிளகாய் வற்றலை நாலு முறை நிறுத்துப் பார்த்து வாங்கும் நாம், டயர் வாங்கும்போது மட்டும் "எது விலை குறைச்சல்?" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம்.

முதலில் அளவு. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். லோடு சைக்கிளுக்குப் பெரும்பாலும் 28 x 1½. இதிலேயே ஏமாற இடமுண்டு. 28 என்று தொடங்கும் வேறு அளவுகளும் கடையில் இருக்கின்றன. அவை ரிம்மில் உட்காராது. சந்தேகம் இருந்தால் 40-635 என்ற எண்ணைத் தேடுங்கள். 635 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். சைக்கிள் டயருக்கு ஐ.எஸ். 2414 என்ற தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

டி.வி.எஸ். எக்ஸ்எல் 100 வண்டிக்கு முன்னும் பின்னும் 2.50-16 என்ற அளவு. அதன் அருகில் 41எல் என்று போட்டிருக்கும். இந்த 41 என்பது எடைக் குறியீடு. சரியான காற்று இருக்கும்போது அந்த டயர் 145 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். இதை நம் ஆட்கள் யாரும் கவனிப்பதில்லை. ஐம்பது கிலோ மூட்டை இரண்டைப் பின்னால் கட்டி, ஓட்டும் ஆளும் ஏறி, வண்டியின் சொந்த எடையும் சேர்ந்தால் பின் சக்கரத்தின் பங்கு அந்த 145-ஐத் தாண்டிவிடும். ஒரு மூட்டையைக் கால் வைக்கும் பலகையில் வைத்தால் பாரம் முன்னும் பின்னும் பிரியும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

அடுத்தது பட்டன். டயர் மேலுள்ள ரப்பர்க் கட்டிகளைத்தான் கடைக்காரர்கள் பட்டன் என்கிறார்கள். பட்டன் பெரிதாக இருந்தால் சேற்றில் பிடிக்கும் என்பது பாதி உண்மைதான். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் சேறு உதிரும். நெருக்கமான பட்டனில் களிமண் போய் அடைந்துகொண்டால், பத்தாவது சுற்றில் அது வழவழப்பான டயராகவே ஆகிவிடும். கரிசல் மண் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே மண் மட்கார்டுக்குள் புகுந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்த ஊர்களில் உயரமான பட்டனை விட, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருப்பது முக்கியம். செம்மண்ணும் ஜல்லியும் கலந்த சாலையில் நடுத்தர பட்டனே போதும். தார்ச்சாலையிலேயே முக்கால்வாசி ஓட்டம் என்றால் பெரிய பட்டன் வீண். சீக்கிரம் தேயும், வண்டியும் இழுக்கும்.

சேற்று டயர் விஷயத்தில் உலகத்திலேயே அதிகம் மூளையைச் செலவிட்டவர்கள் யார் என்று பார்த்தால், அவர்கள் சைக்கிள் பந்தயக்காரர்கள். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் குளிர்காலத்தில் சைக்ளோகிராஸ் என்ற பந்தயம் நடக்கிறது. வயல், புல்வெளி, மணல்மேடு, சேறு எல்லாவற்றிலும் சுமார் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதன் உலகப் போட்டி 1950-ல் பாரிசில் தொடங்கியது. சர்வதேச விதிப்படி டயரின் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அகலத்துக்கு இப்படித் தடை இருப்பதால் அவர்கள் காற்றிலும் பட்டனிலும்தான் வித்தை காட்ட வேண்டியிருக்கிறது.

அவர்கள் போடுவது டியூபுலர் என்ற வகை. நம் டயர் போல டியூப் தனி, டயர் தனி அல்ல. டியூபை உள்ளே வைத்துத் துணி உறையைச் சுற்றித் தைத்து, முழுவதையும் ரிம்மின் மேல் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். இதனால் என்ன லாபம் என்றால், டயரில் காற்று மிகக் குறைவாக இருந்து கல்லில் அடிபட்டாலும், ரிம்மின் கூரான ஓரத்துக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராவது மிகவும் குறைவு. ஆகவே 20 பவுண்டு அளவுக்கோ அதற்கும் கீழோ காற்றை இறக்கி ஓட்டுகிறார்கள். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும், பிடிப்பு கூடும். கையால் செய்த பருத்தி உறை டயர் ஒன்றின் விலை, நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் முழுவதற்கும் கொடுக்கும் விலையைத் தாண்டும்.

அங்கேயும் காசு குறைந்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய அணிக்காரர்கள் மணலுக்கு ஒரு ஜோடி, சாதாரணத் தரைக்கு ஒரு ஜோடி, சேற்றுக்கு ஒரு ஜோடி என்று சக்கரங்களோடு வருவார்கள். ஒரே ஜோடிக்கு மட்டும் வழியுள்ளவன் எதை வாங்குவது? ஊர் சேறு மிகுந்ததென்றால் சேற்று டயரையே வாங்குவதுதான் சரி என்பது நமது கணிப்பு. சேற்று டயர் காய்ந்த தரையில் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். காய்ந்த தரை டயர் சேற்றில் ஆளைத் தள்ளிவிடும். இன்னொரு செலவு பசை. பல நாள் இடைவெளியில் படிவம் படிவமாகப் பூச வேண்டும். அவசரமாக ஒட்டினால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பருத்தி உறை ஈரத்தில் மக்கும் என்பதால் பக்கவாட்டில் ரப்பர்ப் பூச்சும் கொடுத்து, பந்தயம் முடிந்ததும் கழுவிக் காயவைக்கிறார்கள். அதைச் செய்தால் மலிவு டயரும் நாள்படும், செய்யாவிட்டால் விலையுயர்ந்ததும் ஒரே மழைக்காலத்தில் போகும்.

இதில் நமக்கு ஆகாத பாடம் ஒன்று உண்டு. அவர்கள் காற்றை இறக்குகிறார்களே என்று நம் பையன்களும் மழைக்காலத்தில் இறக்கிப் பார்ப்பதுண்டு. அந்தச் சைக்கிளில் இருப்பது ஒல்லியான ஒரு ஆள். நம் வண்டியில் இருப்பது இரண்டு மூட்டை. அவர்களுடையது ஒட்டிய டயர். நம்முடையது தனி டியூப். பாரத்தோடு காற்றைக் குறைத்தால் டியூப் ரிம்மில் கடிபட்டு, பாம்பு கொத்தியது போல் இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் விழும். சேற்றில் நடுத்தெருவில் மூட்டையை இறக்கிப் பஞ்சர் ஒட்டுவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பாரத்துக்கு உரிய காற்று, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு, அதுவே நமக்குச் சட்டம். வாரம் ஒருமுறை அளவுக்கருவி வைத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது.

டியூபில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பியூட்டைல் ரப்பர் டியூப் சாதாரண ரப்பர் டியூபை விடப் பல மடங்கு நாள் காற்றை வைத்திருக்கும். புது டயருக்குள் பத்து ஒட்டுப் போட்ட பழைய டியூபைத் திணிப்பது, புதுச் சாக்கில் புழுத்த பருப்பைக் கட்டுவது போலத்தான்.

விலைக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, 400 ரூபாய் டயர் எட்டு மாதம் உழைக்கிறது, 600 ரூபாய் டயர் பதினைந்து மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது மாதத்துக்கு 50 ரூபாய், இரண்டாவது 40 ரூபாய். ஒவ்வொரு டயரின் உட்புறமும் போட்ட தேதியைச் சாக்குக்கட்டியால் எழுதி, ஒரு நோட்டிலும் குறித்துவைத்தால் நம் வண்டிக்கு, நம் தெருவுக்கு எது மலிவு என்று ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். எங்கள் கிடங்கில் இந்த நோட்டு சிட்டைப் புத்தகத்தோடு சேர்ந்தே இருக்கிறது. விற்பவர் வாய்ச்சொல்லை விட அது நம்பகமானது.

வரியும் கவனிக்கத் தக்கது. சைக்கிள், ரிக்ஷா டயர்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மோட்டார் வண்டிப் புது டயருக்கு 28 சதவீதமாக இருந்தது, 22-9-2025 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட சரக்கைக் காட்டிப் பழைய விலையே கேட்டால் பில் கேட்டுப் பாருங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரி வரவு கிடையாது. அவர்களுக்கு முழு விலையும் செலவுதான்.

தள்ளுபடி என்றால் உடனே தேதியைப் பாருங்கள். மோட்டார் வண்டி டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. நாலு வருடம் வெயிலில் தொங்கிய டயர் பட்டன் குறையாமலே பக்கச் சுவர் வெடித்திருக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரே ஒரு டயருக்குத்தான் இந்த மாதம் பணம் என்றால்? பாரமும் இழுப்பும் பின்னால் இருப்பதால் பின் டயரே முதலில் தேயும். புதியதை அங்கேயே போடுங்கள். ஆனால் கழற்றிய மொட்டை டயரை வீணாக்காமல் முன்னால் மாட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை அறவே விட வேண்டும். பின் சக்கரம் வழுக்கினால் காலூன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் ஆள் தரையில் கிடப்பான், மூட்டை அவன் மேல் கிடக்கும். முன் டயரில் தேய்மான அளவுகோலாக இருக்கும் சிறு மேடு பட்டனோடு சமமாகிவிட்டால், கடன் வாங்கியாவது மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, மளிகைக்காரர்களுக்கே உரிய ஒரு சங்கடம். நம் வண்டிகள் எண்ணெய் டின்களுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. எண்ணெய், மண்ணெண்ணெய் எது பட்டாலும் ரப்பர் ஊறி இளகும். சேற்றை விட இது டயரைச் சீக்கிரம் கொல்லும். இரவு வண்டியை நிறுத்துமுன் ஒரு வாளித் தண்ணீரில் டயரையும் ரிம்மையும் கழுவச் சொல்லுங்கள். சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மில் பிடிப்பதால், காய்ந்த சேறு உப்புத்தாள் போல ரிம்மை அரைத்துவிடும். கிடங்கில் வைக்கும் உபரி டயரை வெயில் படாத இடத்தில், எண்ணெய் வாடை இல்லாத மூலையில், ஆணியில் தொங்கவிடாமல் நிறுத்தி வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் வாங்கிப் போட்டுவிட்டால் தீபாவளி நெரிசலில் டயர்க் கடைக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியிருக்காது.