வெளிநாட்டுச் சாப்பாட்டுப் பில்லும் நமது சரக்கின் விலையும்

சிங்கப்பூருக்குக் கொள்முதலுக்குப் போய்வந்த புறக்கோட்டை நண்பர் ஒருவர், "ஹாஜியார், அங்கே சாப்பாடு மலிவுதான். இருபது டொலருக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்" என்றார். பில்லைக் காட்டச் சொன்னேன். அதில் இருந்தது 23 டொலர் 98 சதம்!

வியாபாரிகளாகிய நாம் சரக்கின் விலையைச் சதம் சதமாகப் பார்க்கிறோம். சாப்பாட்டுச் செலவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுகிறோம். அதைக் கணக்கிடும் முறையை இவ்வாரம் பார்ப்போம்.

1. எழுதிய விலை வேறு, கொடுக்கும் விலை வேறு.

சிங்கப்பூரில் சேவைக் கட்டணம் அறவிடும் உணவகங்கள் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். முதலாவது 10 வீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது 2024 ஜனவரி முதல் 9 வீதமாக உள்ள வரி. இருபது டொலர் முதலில் 22 ஆகும். அந்த 22க்கும் சேர்த்தே வரி விழும். தெக்கா போன்ற அங்காடிக் கடைகளில் பொதுவாக எழுதிய விலைதான், கூட்டல் குறி இல்லை.

2. எந்த விகிதத்தில் மாற்றினீர்கள்?

பத்திரிகையில் வரும் நாணய விகிதத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் டொலரை வாங்கிய விகிதத்தையே போடுங்கள். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். கடையில் விலை ஏறாமலே நமக்குச் சாப்பாட்டு விலை ஏறிவிட்டது.

3. ஒரே தரத்தை ஒப்பிடுங்கள்.

அங்குள்ள குளிரூட்டிய உணவகத்தை இங்குள்ள சோத்துப் பார்சலோடு ஒப்பிடுவது சரியல்ல. கொழும்பிலும் பெரிய உணவகங்களில் சேவைக் கட்டணம் உண்டு. 2024 ஜனவரி முதல் வற் வரியும் 18 வீதம். அரிசியும் எண்ணெயும் எங்கும் கப்பலில் போய்ச் சேரும். கடை வாடகையும் சமையற்காரரின் சம்பளமும் கப்பலில் வருவதில்லை. விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

4. சரக்கின் அடக்க விலையில் சேருங்கள்.

நண்பரின் கணக்கையே எடுப்போம். இரண்டு பேர், நான்கு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 டொலர். மொத்தம் 240 டொலர். ஒரு பேச்சுக்கு 230 ரூபா வீதம் போட்டால் 55,200 ரூபா. கொண்டுவந்தது ஆயிரம் ஃபேன்ஸிச் சாமான். ஒன்றின் மேல் 55 ரூபா 20 சதம் ஏறுகிறது. அவர் ஒன்றுக்கு வைத்த இலாபம் நூறு ரூபா. பாதிக்கு மேல் சாப்பாட்டிலேயே போய்விட்டது! விமானச் சீட்டும் அறை வாடகையும் இன்னும் எழுதப்படவில்லை.

இதைக் கேட்டதும் நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்படியானால் பட்டினி கிடக்கவா சொல்கிறீர்கள்?" என்றார் பிறகு. இல்லை. நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஒவ்வொரு பில்லையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இரவில் படுக்குமுன் கொப்பியில் எழுதுங்கள். ஊருக்கு வந்து விலை குறிக்கும்போது அந்தக் கொப்பி பக்கத்தில் இருக்கட்டும்.