புத்தகம் முடிந்தால் வகுப்பு முடிந்ததா?

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூணாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் முடிஞ்சிருச்சு. நாலாவது ஆரம்பிச்சுடலாமா?" பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. ஜூன் பிறந்தால் வகுப்பு மாறிவிடும். தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதுமில்லை. வீட்டுக் கல்வியில் அந்த ஜூன் மாதத்தை நாம்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தவறிவிடுமோ என்ற பயமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலேயே படிக்கிறார்கள். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவனுக்கு ஒன்பது. இத்தனை காலம் இவர்களோடு உட்கார்ந்ததில் நான் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: கற்றதை என் துணை இல்லாமல், சிறிது இடைவெளிக்குப் பிறகு, புத்தகத்துக்கு வெளியே பிள்ளையால் பயன்படுத்த முடிகிறதா? முடிந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். கடைசிப் பக்கத்தைத் தொட்டுவிட்டோம் என்பது மட்டும் போதாது.

பாட்டு வகுப்பு காட்டும் வழி

பெரியவள் பாட்டு கற்கும் வீட்டில் இதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். சரளி வரிசை மூன்று காலத்திலும் தாளம் தப்பாமல் நின்ற பிறகுதான் டீச்சர் ஜண்டை வரிசைக்குப் போவார். அதன் பிறகு அலங்காரம், கீதம், வர்ணம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அவளைவிடச் சிறியவளா பெரியவளா என்பதை யாரும் கேட்பதில்லை. "இன்னும் ஜண்டைதானா?" என்று எந்தப் பெற்றோரும் வெட்கப்படுவதும் இல்லை. பாட்டுக்கு நாம் இயல்பாகக் கொடுக்கும் இந்தப் பொறுமையைக் கணக்குக்கும் தமிழுக்கும் கொடுக்கலாம்.

நம் ஊர்க் கல்விக்கு இது புதிதும் அல்ல. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, திருச்சியில் பலரிடம் பாடம் கேட்டு வளர்ந்தவர். 1871-இல் மாயூரத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்த உ.வே. சாமிநாதையரை, அதுவரை படித்திருந்த நைடதத்திலிருந்து ஒரு பாடலைச் சொல்லிப் பொருள் சொல்லச் சொன்னார். பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு அங்கிருந்து பாடம் தொடங்குவது அந்த மரபு.

அரசுப் பள்ளிகளும் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி அட்டை இருந்தது. ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் நின்று, தன் வேகத்தில் ஏறும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை இதைச் செய்ய முயலும்போது, இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டால் நிச்சயம் முடியும்.

நான் பார்க்கும் நான்கு அடையாளங்கள்

முதலாவது, இடைவெளியைத் தாண்டி நிற்கிறதா என்பது. பாடம் முடிந்த மறுநாள் வைக்கும் தேர்வை நான் நம்புவதில்லை. அன்று எல்லாமே நினைவில் இருக்கும். மார்கழியில் எங்கள் ஊர்க் கோயிலில் பகல் பத்தும் இராப்பத்தும் இருபது நாளுக்கு மேல் நடக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு வீடு முழுக்க உறவினர்கள். புத்தகத்தை யாரும் தொட மாட்டார்கள். அந்த நாட்களுக்குப் பிறகு பழைய பாடத்திலிருந்து சில கணக்குகளையும் ஒரு பத்தி வாசிப்பையும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கொடுப்பேன். அப்போது தங்கியிருப்பதுதான் உண்மையில் கற்றது. உங்கள் ஊரில் கோடை விடுமுறையோ தீபாவளியோ அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது, இன்னொருவருக்குச் சொல்லித் தர முடிகிறதா என்பது. சின்னவனைப் பாட்டியிடம் போய் நீள் வகுத்தலை விளக்கச் சொல்வேன். பாட்டி கேட்கும் "ஏன்டா அந்த எண்ணைக் கீழே இறக்கினே?" என்ற கேள்விக்குப் பதில் வந்தால் முறையின் காரணமும் அவனுக்குப் புரிந்திருக்கிறது. "அப்படித்தான் பாட்டி போடணும்" என்று வந்தால் கை மட்டும் பழகியிருக்கிறது. கை பழகியதும் நல்லதுதான், ஆனால் அடுத்த வகுப்பு காரணத்தின் மேல்தான் நிற்கும்.

மூன்றாவது, புத்தகத்துக்கு வெளியே பயன்படுகிறதா என்பது. காவிரிக்கரையில் இருப்பவர்களுக்குத் தசமப் பாடத்துக்கு ஒரு வசதி உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டமும் வரத்தும் நாளிதழில் தினமும் வருகின்றன. முழு நீர்மட்டம் 120 அடி. பெரியவள் தசமம் படித்த பருவத்தில் அந்த எண்களை ஒரு நோட்டில் குறித்து, வரைபடத்தாளில் கோடாக வரைந்து வந்தாள். "97.15 அடி, 97.6 அடி, எது அதிகம்?" என்ற ஒரு கேள்வி போதும். ஆறைவிடப் பதினைந்து பெரியது என்று நினைக்கும் பிள்ளை 97.15 என்று சொல்லும். அப்படிச் சொன்னால் தசமத்தின் இடமதிப்பு இன்னும் படியவில்லை. புத்தகத்தில் எத்தனை பயிற்சி முடித்திருந்தாலும் அங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும்.

தமிழுக்கும் இதே வழிதான். நூலகத்தில் சின்னவன் இதுவரை பார்க்காத ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறானா, வாக்கியத்தின் பொருளுக்கேற்ப நிறுத்திப் படிக்கிறானா என்று கவனிப்பேன். பிறகு கதையைச் சொல்லச் சொல்வேன். பேச்சில் "நரி வந்துச்சு" என்று சொல்லும் பிள்ளை, எழுதும்போது தானாகவே "நரி வந்தது" என்று மாற்றிக்கொண்டால் பெரிய ஒரு படியைத் தாண்டிவிட்டான் என்று பொருள். ல, ள, ழ மயக்கம் அப்போதும் கொஞ்சம் இருக்கும். அதற்காக அவனை அடுத்த புத்தகத்துக்கு விடாமல் வைக்க வேண்டியதில்லை. வாசிக்க வாசிக்கச் சரியாகும்.

நான்காவது, தவறின் தன்மை. எத்தனை தப்பு என்பதைவிட என்ன தப்பு என்பது முக்கியம். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை, ஒன்றின் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. ஒரு முறை வந்தால் கவனக்குறைவு. தொடர்ந்து வந்தால் பத்துக் கட்டைப் பிரிப்பது என்றால் என்னவென்று இன்னும் புரியவில்லை. அப்போது புளியங்கொட்டைகளையும் ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டுகளையும் மறுபடி எடுக்க வேண்டும். அதேபோல், ஒரு வாக்கியக் கணக்கைப் படித்ததும் "இது கூட்டலாம்மா, கழித்தலாம்மா?" என்று கேட்டால், கணக்கைப் புரிந்துகொள்ளும் வேலையை நம்மிடம் கொடுக்கிறான். அந்தக் கேள்வி நின்ற பிறகு அடுத்த நிலைக்குப் போனால் சுமை இருக்காது.

ஒரே பிள்ளை, பல வகுப்பு

எதிர்வீட்டு மாமி சின்னவனை "என்னடா, எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்டால், "கணக்குல நாலாவது மாமி, தமிழ்ல அஞ்சாவது" என்பான். அதுதான் உண்மையான பதில். எல்லாப் பாடமும் சேர்ந்து ஒரே நாளில் நகர வேண்டும் என்பது பள்ளியின் நிர்வாகத் தேவை. வீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனி நிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் பாடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன தெரியும், எது தடுமாறுகிறது, எந்தத் தேதியில் பார்த்தேன் என்று மாதம் ஒருமுறை எழுதிவிடுங்கள். முடிவெடுக்கும் நாளில் நம் மனநிலையைவிட அந்த நோட்டு நியாயமாகப் பேசும்.

சந்தேகமாக இருந்தால் அடுத்த வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தைச் சும்மா கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கணக்கில் புதிய பாடம் முந்தைய வகுப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கும். அந்த அடித்தளக் கேள்விகளில் பெரும்பாலானவற்றைத் தானே செய்தால் தொடரலாம். திணறினால் புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

வேகமாகப் போகும் பிள்ளைக்கு

இரண்டு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் முடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை மேலே மேலே தள்ளும் ஆசை பெற்றோருக்கு வருவது இயல்பு. நான் முதலில் அகலப்படுத்துவேன். கோளரங்கத்தில் ஒரு காட்சி, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் ஒரு காலை, முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தைப் பார்த்து வந்து தானே வரையும் வரைபடம். அதே நிலையில் இன்னும் கடினமான கணக்குகள். இவற்றுக்குப் பிறகும் பசி அடங்காவிட்டால் தயங்காமல் மேலே விடுங்கள். படிப்பதில் முந்திய பிள்ளை எழுதுவதிலும் முந்தியிருப்பான் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசிப்பு முன்னே போகும், கை பின்னால் வரும். இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

வெளித்தேர்வு கேட்கும் வயது

வீட்டுக்குள் நிலையை நாம் தீர்மானிக்கலாம். தேர்வு வாசலில் வயது வந்து நிற்கும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி என்ற மூன்று நிலைகள் முறையே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணை. அதன் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ வயது. ஆகவே பதினோரு வயதில் எட்டாம் வகுப்புப் பாடத்தை ஓட்டி முடிப்பதால் சான்றிதழ் சீக்கிரம் கைக்கு வரப்போவதில்லை. இருக்கும் காலத்தை ஆழமாகப் படிக்கப் பயன்படுத்தலாம்.

பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது; ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் தருகிறது. அப்படித் திரும்பும் திட்டம் உள்ளவர்கள் ஒரு வருடம் முன்பிருந்தே மொழி, கணக்கு இரண்டையும் வயதுக்கேற்ற வகுப்புக்கு அருகில் கொண்டுவருவது பிள்ளைக்கு நிம்மதி.

முடிவில் பிள்ளைக்கும் இடம்

திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு ஐந்து பாடங்கள் வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். தயாரான பாடத்தை மட்டும் முதலில் எழுதலாம். தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நிற்கும். பாடத்துக்குப் பாடம் தனி வேகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

பெரியவளுக்குப் பதினான்கு நிறையப் போகிறது. பாடத்துக்கு ஒரு பக்கமாக எழுதி வந்த நோட்டை அவள் முன்னால் வைத்து, "நீயே பார்த்துச் சொல்லு" என்றேன். தமிழையும் மனையியலையும் முதல் தேர்வில் எழுதுவதாகச் சொன்னாள். கணக்குக்கு இன்னும் ஒரு தேர்வுக் காலம் வேண்டுமாம், இயற்கணிதத்தில் தனக்கு எங்கே தடுக்கிறது என்பதையும் சுட்டிக் காட்டினாள். தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று தயக்கமின்றிச் சொல்ல ஒரு பிள்ளையால் முடிகிறது என்றால், அவள் அடுத்த நிலைக்குத் தயார். நாம் அளந்து பார்த்த ஒவ்வொரு மாதமும் அவளுக்குத் தன்னை அளக்கக் கற்றுக்கொடுத்த மாதம்தான்.