நீர்மேல் ஒரு மெல்லாடை

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் அமராவதி அணை விளங்குகின்றது. 1957ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அவ்வணையின் நீரை நெல்லும் கரும்பும் எதிர்நோக்கி நிற்கின்றன. கோடையிலோ, உழவர்க்கு முன்னரே கதிரவன் அந்நீரைப் பருகத் தொடங்கிவிடுகின்றான். இவ்விழப்பைத் தடுக்க வழியுண்டோ?

ஓரளவு உண்டு. சீட்டைல் ஆல்ககால் என்னும் மெழுகு போன்ற பொருளை நீரில் இட்டால், அஃது ஒரே மூலக்கூற்றின் கனமுள்ள படலமாகப் பரவும். அத்தகைய படலங்கள் 5 இலட்சத்தை அடுக்கினாலும் உயரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே! மூலக்கூறு ஒவ்வொன்றும் தலையால் நீரைப் பற்றி, வாலை மேலே நீட்டி, நாற்றங்காலில் பயிர் நிற்பதுபோல் நெருங்கி நிற்கும். அந்நெருக்கத்தினூடே நீராவி எளிதில் வெளியேறாது.

இத்தகைய படலங்களை ஆராய்ந்தோருள் முன்னோடி, ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்னும் செருமானியப் பெண்மணி. பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறவாத அக்காலத்தில், சமையலறையே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு தகட்டை நகர்த்திப் படலத்தை நெருக்கிப் பார்த்தார். இடம் அகன்றிருக்கையில் படலம் எதிர்ப்பே காட்டவில்லை. ஓர் எல்லைக்குமேல் நெருக்கியதும் நீரின் பரப்பு இழுவிசை விரைந்து குறைந்தது. அஃதாவது, படலம் எதிர்த்துத் தள்ளிற்று. இம்முடிவுகள் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. அளவுக்கு மிஞ்சி நெருக்கினால் படலம் மடிந்து சிதையும் என்பதும் பின்னர் விளங்கிற்று.

மாணவர்களே! இவ்வாடைக்குக் காற்றே பெரும்பகை. அது படலத்தைக் கிழித்துக் கரையில் ஒதுக்கும். ஆதலின் பெருநீர்த்தேக்கங்களில் அதனை மீண்டும் மீண்டும் பரப்பவேண்டும். மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும் வரையில்தான் நீருக்குக் காவல், பிரிந்தால் காவலில்லை. ஒரே நீரைப் பகிர்ந்துண்ணும் ஊரார்க்கும் இது பொருந்துமன்றோ?