லோடர் கைகள் மட்டம் தவறினால்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் எருவும் மண்ணும் அள்ளுவதற்கு, முன்புறம் லோடர் பூட்டிய சிறு டிராக்டர் பயன்படுகிறது. சில வேளைகளில் அதன் பக்கெட்டின் ஒரு மூலை தாழ்ந்து தரையைக் கீறும். மறு மூலை உயர்ந்து நிற்கும்.

இதற்குச் சிலிண்டரே காரணம் எனக் கருதிப் பணம் செலவிடுதல் பெரும்பாலும் வீண். எண்ணெய் ஒரே வழியிலிருந்து பிரிந்து இரு சிலிண்டர்களுக்கும் செல்கிறது. பாஸ்கல் விதிப்படி இரண்டிலும் அழுத்தம் சமமாகும். அன்றியும், ஒரு குறுக்குக் குழாய் இரு கைகளையும் பிணைத்திருப்பதால், ஒரு கை மட்டும் தனித்துத் தாழ்வதில்லை. ஆசிரியர்கள் இவ்விதியை விளக்க இஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் இருபுறத்து டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சமன்செய்க. தளர்ந்த போல்ட்டுகளை இறுக்குக. தேய்ந்த பின், புஷ் ஆகியவற்றை மாற்றுக. பின்னர் இரு மூலைகளின் உயரத்தையும் அளந்து பார்க்க. வேற்றுமை நீங்காவிடில், ஒரு மூலையால் பாறையையோ வேரையோ நெம்பியதில் குறுக்குக் குழாய் முறுக்கியிருக்கலாம். முறுக்கு சிறிதாயின், தாழ்ந்த மூலையின் கீழ் மட்டும் கட்டை வைத்து, கைகளை மெல்லக் கீழழுத்தி, அடிக்கடி அளந்து நிமிர்த்தலாம். பெரிதாயினும் விரிசல் காணினும் பட்டறைக்கு அனுப்புதலே முறை.

தாங்குகட்டை பூட்டாமல், தூக்கிய கைகளின் கீழ் எவரும் செல்லலாகாது. எண்ணெய்க் குழாய் வெடித்தால் அவை நொடியில் விழும்.