பம்பிங் ஏறியதும் மாத்திரையை நிறுத்தலாமா?

"பம்பிங் ஏறிடுச்சு டாக்டர். சாமி கண்ணைத் தொறந்துட்டாரு. இனிமேலும் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்னு சொன்னாங்க. அதான் நிறுத்திட்டோம்."

இந்தப் பேச்சு காதில் விழாமல் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. சொல்பவர் பெரும்பாலும் உடன் வந்த மகனாகவோ மைத்துனராகவோ இருப்பார். நோயாளிக்குப் பேச மூச்சு இருக்காது. காலை விரலால் அழுத்தினால் குழி விழும். ராத்திரி மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார் என்று மனைவி சொல்வார். சில மாதங்களுக்கு முன் 30இலிருந்து 50க்கு ஏறியிருந்த பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் விழுக்காடு), எக்கோவில் மறுபடியும் 30ஐத் தொட்டிருக்கும்.

"சொன்னாங்க" என்றால் யார் சொன்னது? இதுவரை ஒருவராலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த உறவினர், கோயில் பிரகாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு என்று இழுப்பார்கள். தவறிப்போனால் பொறுப்பேற்க இவர்களில் ஒருவரும் வரப்போவதில்லை.

பம்பிங் ஏன் ஏறியது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். இதயம் பலவீனமாகி இரத்த ஓட்டம் குறையும்போது, எங்கோ இரத்தம் கொட்டிப்போய்விட்டது என்று உடம்பு தப்பாகக் கணக்குப் போடுகிறது. உடனே அட்ரினலினைச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது, இரத்தக் குழாய்களை இறுக்குகிறது, சிறுநீரகத்தைக் கொண்டு உப்பையும் நீரையும் தேக்குகிறது. காயம்பட்டவனை ஒரு மணி நேரம் காப்பாற்ற ஏற்பட்ட இந்த ஏற்பாடு மாதக்கணக்கில் ஓடினால், களைத்த இதயம் மேலும் விரிந்து தொய்ந்துபோகும். பீட்டா பிளாக்கர், சாக்குபிட்ரில்-வால்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை இந்த விரட்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. டாபாகிளிஃப்ளோசின் வேறொரு வழியில் இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. இந்த நான்கும் சேர்ந்து காப்பதால்தான் பம்பிங் ஏறுகிறது. மாத்திரையை எடுத்துவிட்டால் பழைய விரட்டல் அப்படியே திரும்பி வரும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. லண்டனில் நடத்தி, 2019இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த 51 பேரும் முழுக்கக் குணமானவர்கள்போல் இருந்தவர்கள். மூச்சுத் திணறல் இல்லை, வீக்கம் இல்லை, பம்பிங் 40க்குக் கீழிருந்து 50க்கு மேல் ஏறியிருந்தது, இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. ஒரு பாதிப் பேருக்கு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள், மறுபாதிப் பேர் தொடர்ந்து சாப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. அதுவும் மருத்துவர்கள் விடாமல் கண்காணித்து, சரிவு தெரிந்ததும் மருந்தை மறுபடி தொடங்கிய இடத்தில்! நம் வீட்டில் யார் கண்காணிக்கிறார்கள்? பீட்டா பிளாக்கரை ஒரே நாளில் நிறுத்துகிறீர்கள், மூச்சு முட்டிய பிறகுதான் ஆட்டோ பிடிக்கிறீர்கள்.

மது, தைராய்டு, பிரசவம் போன்ற காரணங்களால் இதயம் தளர்ந்த சிலருக்கு, பிற்பாடு சில மாத்திரைகளைக் குறைக்க இடம் இருக்கலாம். எக்கோவைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அது. அடுத்த வீட்டுக்காரருக்கு அதில் வேலை இல்லை.

அடுத்து கிட்னி. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். அது எதிர்பார்த்ததுதான். கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் ஓரிரு வாரத்தில் பரிசோதிக்கச் சொல்வது அதற்காகத்தான். டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரக நோயாளிகளுக்கே பாதுகாப்புத் தருகிறது என்று 2020இல் வந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. உங்கள் சிறுநீரகத்துக்கு நிஜமான ஆபத்து, இதயத்திலிருந்து போதிய இரத்தம் போகாமல் இருப்பது. இன்னொரு ஆபத்து, முட்டிவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள். இவை சிறுநீரகத்தையும் கெடுக்கும், நீரையும் தேக்கும். இதயத்துக்கான மாத்திரைக்குப் பயப்படுகிறவர்கள் வலி மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குகிறார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

சாமியை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் போகிறார்கள், போகட்டும். ஆனால் அந்தத் தலத்துக்குரிய பூசலார் நாயனார் என்ன செய்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கையில் காசில்லாதவர் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். அதற்கும் பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவிலும் கண் மூடாமல் வேலை பார்த்தார், மதில் எழுப்பினார், கிணறும் குளமும் எடுத்தார். குடமுழுக்கு வைத்தது அதற்குப் பிறகுதான். பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அதே நாளில் குறித்திருந்த காஞ்சிக் கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளி வைக்கச் சொன்னது அந்த உழைப்பை மதித்து. மனத்தால் கட்டியவரே ஒரு வேலையையும் பாதியில் விடவில்லை. அவரை வணங்கிவிட்டு வந்து மாத்திரையைப் பாதியில் விடுவது எந்தப் பக்தி?

நம்பிக்கை உண்மையாகவே தாங்கிப் பிடிக்கும் இடம் வேறு. இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர்) உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மனச்சோர்வில் விழுகிறார். அவர் மாத்திரையை மறக்கிறார், நடையை விடுகிறார், இனி என்ன இருக்கிறது என்று படுத்துவிடுகிறார். காலையில் எழுந்து விளக்கேற்றவோ, தொழவோ, ஜெபிக்கவோ ஒரு காரணம் உள்ளவர் அந்த நேரத்தோடு மாத்திரையையும் சேர்த்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரதம் இருக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கேளுங்கள். தண்ணீர்கூட இல்லாத நோன்பும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் மயங்கி விழ நேரும். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று திருக்குர்ஆனே சொல்கிறது.

மற்ற வதந்திகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்தால் இதயத் துடிப்பே தடம் மாறலாம். இளநீருக்கும் அதே எச்சரிக்கை. "நிறையத் தண்ணி குடிங்க" என்பது உங்களுக்கான அறிவுரை இல்லை. அசையாமல் படுத்திருக்கவும் தேவையில்லை. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று 2,331 பேரை வைத்து நடந்த ஆய்வு 2009இலேயே சொல்லிவிட்டது.

இனி வீட்டாருக்கு. அப்பாவுக்கு மட்டும் தனியாக உப்பில்லாத குழம்பு வைத்து, மற்றவர்கள் அவர் எதிரிலேயே ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சாப்பிட்டால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொன்ன அளவு. திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியத்துக்கு உப்பே கிடையாது. பெருமாள் பெண் கேட்டு வந்தார்; தன் மகள் உப்புப் போட்டுச் சமைக்கவும் தெரியாத சிறு பெண் என்று மார்க்கண்டேயர் தயங்கியபோது, உப்பில்லாமலே உண்கிறேன் என்று பெருமாள் ஏற்றுக்கொண்டதாகத் தலபுராணம் சொல்கிறது. ஒருவருக்காக மற்றவர் உப்பை விடுவதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டுமா? நேர்ந்துகொள்வதென்றால் குடும்பமே ஊறுகாயை விடுவதாக நேர்ந்துகொள்ளுங்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள் வேலை என்று ஒதுங்கும் மகன்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் அப்பாவின் மாத்திரைகளின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் 2013இல் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் இறந்துபோனார்கள். பம்பிங் குறைந்தவர்களில் உரிய மருந்துகளோடு வீடு திரும்பியவர்கள் நாலில் ஒருவர்தான்.  அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 70 வயதைக் கடந்த 282 பேரை வைத்து நடந்த ஆய்வில், செவிலியர்கள் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து விசாரித்ததால், இதயச் செயலிழப்புக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்வது 90 நாளில் பாதிக்கும் மேல் குறைந்தது. அது வெளியானது 1995இல்.

அப்படித் தொடர்ந்து விசாரிக்க நம்மிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் வாசல்வரை வருகிறார்கள். அவர்கள் கையில் ஓர் எடைக் கருவியையும், இதயச் செயலிழப்பு நோயாளிகளின் பட்டியலையும் கொடுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை நீங்களே ஒரு கருவி வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தினமும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது. மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தக் காலண்டரையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.