வேலை கேட்கும் விண்ணப்பம்

நுழையும்முன்

வேலையில்லாத் துன்பத்தைப் பலரும் தத்தம் வீட்டிலும் தெருவிலும் பேசுகின்றனர். அதனைச் சட்டம் இயற்றும் அவைக்கு முறைப்படி எடுத்துச் செல்வோர் மிகச் சிலரே. அவ்வாறு எடுத்துச் செல்லப்பட்ட கோரிக்கை ஒன்று நாட்டின் சட்டமாக மலர்ந்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. தீவில் வாழ்வோர் தம் கோரிக்கையை யாருக்கு, எவ்வாறு எழுதுதல் வேண்டும் என்பதையும் விளக்குகிறது.

கடைத்தெருவும் கப்பலும்

போர்ட் பிளேர் நகரம் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரின் நெஞ்சம் போன்றது அபர்டீன் பஜார். மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளமும் இந்தியும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கின்றன. வணிகம் செய்யவும் கட்டடம் எழுப்பவும் துறைமுகத்தில் உழைக்கவும் வந்த தமிழர் பலர் இங்கேயே வேரூன்றினர். 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, நிக்கோபார் தொகுதியிலுள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோரின் பேரக்குழந்தைகள் இன்று பட்டம் பெற்று, தாமும் வேலை தேடி நிற்கின்றனர்.

சென்னைக்கும் இந்நகருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் விரிந்து கிடக்கிறது. அரிசி, பருப்பு, வெங்காயம், சிமெண்டு, துணி எனக் கடைத்தெருவில் விற்கும் பொருள்களுள் பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன. கப்பல் வந்தால் சுமை இறக்குவோர்க்கு வேலை உண்டு. சரக்குந்து ஓட்டுவோர்க்கு வேலை உண்டு. கடையில் எடை போடுவோர்க்கும் வேலை உண்டு. புயலாலோ பெருமழையாலோ கப்பல் தாமதமானால் முதலில் ஊதியம் இழப்பவர் நாட்கூலித் தொழிலாளரே. ஒருவர் வேலை மற்றொருவர் வேலையோடு எவ்வாறு பின்னிக் கிடக்கிறது என்பதை இக்கடைத்தெருவில் எளிதாகக் காணலாம்.

மூடிய வாயில்கள்

ஒரு காலத்தில் இத்தீவுகளின் பெருந்தொழில் மரமே. சாத்தம் தீவில் 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை அதற்குச் சான்று. மரம் வெட்டுதல், இழுத்தல், அறுத்தல், ஒட்டுப்பலகை செய்தல் எனப் பலர் அத்தொழிலை நம்பி வாழ்ந்தனர். காடுகள் வேகமாக அழிவதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2002ஆம் ஆண்டு மே மாதம் பிறப்பித்த ஆணையால் இயற்கைக் காடுகளில் வணிகத்திற்காக மரம் வெட்டுவதைத் தடுத்தது. காடு பிழைத்தது, மரத்தொழிலை நம்பியிருந்தோர் வேறு வழி தேட நேர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பல தீவுகளில் படகுகளையும் தோப்புகளையும் வயல்களையும் அழித்தது.

காடு காக்கப்பட்டது பிழையா? அன்று. காடும் பவளப்பாறையும் அழிந்தால் நன்னீரும் மீனும் சுற்றுலாவும் அழியும். பழங்குடியினர் வாழும் நிலம் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதனைத் தொடாமலேயே வேலைக்கு வழி காண வேண்டும். எனினும், பழைய தொழிலை மூடும்பொழுது புதிய தொழிலுக்கு வழி திறப்பது அரசின் கடமை. அவ்வழி திறக்கப்படாத இடத்தில் எழுவதே வேலை கேட்கும் விண்ணப்பம்.

எந்த வாயிலைத் தட்டுவது?

தமிழ்நாட்டில் வேலையில்லாதோர் சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம். அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஒன்றியப் பகுதி. இங்குச் சட்டமன்றம் இல்லை. குடியரசுத் தலைவரின் சார்பில் துணைநிலை ஆளுநர் ஆட்சியை நடத்துகிறார். மக்களவையில் உள்ள 543 இடங்களுள் ஒன்றே ஒன்று இத்தீவுகளுக்கு உரியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.8 லட்சம் மக்கள் வாழும் தீவுகளுக்கு, சட்டம் இயற்றும் அவையில் ஒலிப்பது அந்த ஒரு குரலே.

எனவே, எந்தக் கோரிக்கை யாருக்கு உரியது என அறிதல் இன்றியமையாதது. காலியிடங்களை நிரப்புதல், பயிற்சி நிலையம் தொடங்குதல் ஆகியவற்றைத் தீவு நிருவாகத்திடம் கேட்கலாம். ‘இங்கு நெடுங்காலம் வாழ்ந்தோர்க்கே குறிப்பிட்ட பணிகள்’ என்னும் விதியை நிருவாகம் தானாக வகுத்துவிட இயலாது. அரசமைப்பின் 16ஆம் உறுப்பு, பிறந்த இடத்தையோ வாழும் இடத்தையோ காட்டி எந்தக் குடிமகனுக்கும் அரசுப் பணியை மறுக்கலாகாது என்கிறது. வாழிடத்தைத் தகுதியாக வைக்கும் அதிகாரத்தை அவ்வுறுப்பு நாடாளுமன்றத்திற்கு மட்டுமே வழங்குகிறது. அக்கோரிக்கையைத் தவறான வாயிலில் எத்தனை முறை தட்டினாலும் கதவு திறவாது.

கோரிக்கை சட்டமான கதை

வேலை பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என அரசமைப்பின் 41ஆம் உறுப்பு அறிவுறுத்துகிறது. ஆனால், அது வழிகாட்டும் நெறி மட்டுமே; அதனைக் காட்டி நீதிமன்றத்தில் வேலை கேட்க இயலாது. நெறியை உரிமையாக்கச் சட்டம் வேண்டும்.

அத்தகைய முயற்சி மராட்டிய மாநிலத்தில் முன்னரே தொடங்கிற்று. அம்மாநிலச் சட்ட மேலவைத் தலைவராக இருந்த வி. ச. பகே, வேலை கேட்கும் கிராமத்தார்க்கு வேலை தருவதை அரசின் பொறுப்பாக்க வேண்டும் என வலியுறுத்தினார். 1972–73இல் கொடும் பஞ்சம் வந்தபொழுது இலட்சக்கணக்கானோர் அரசுப் பணிகளில் உழைத்துப் பசி போக்கினர். 1977ஆம் ஆண்டில் அத்திட்டம் சட்டமாயிற்று. நகரத்தில் ஊதியம் பெறுவோர் செலுத்திய தொழில்வரி, ஊரகத்தில் வேலை இழந்தோர்க்குக் கூலியாகச் சென்றது.

நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் வேண்டும் எனத் தொழிலாளர் அமைப்புகளும் அறிஞர்களும் குரல் எழுப்பினர். பெல்ஜியத்தில் பிறந்து இந்தியக் குடிமகனான பொருளியல் அறிஞர் ழான் திரேஸ் அவர்களுள் ஒருவர். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் சட்ட முன்வரைவு மக்களவையில் வைக்கப்பட்டது. ஆயினும், கேட்டோர் அதில் நிறைவு கொள்ளவில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்கு மட்டும் என்னும் வரம்பை அவர்கள் எதிர்த்தனர். 2005ஆம் ஆண்டில் பல மாநிலங்கள் வழியே பேருந்தில் பயணம் செய்து, ஊர்தோறும் மக்களிடம் பேசினர். முன்வரைவு நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது; வரம்பு நீங்கியது. ஆகஸ்டு மாதம் இரு அவைகளும் அதனை நிறைவேற்றின.

ஊரகக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 100 நாள் வேலை என்பது அச்சட்டத்தின் உறுதிமொழி. விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை தரப்படாவிடின் வேலையில்லாக் காலப் படி வழங்க வேண்டும் எனவும், பயன்பெறுவோருள் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருத்தல் வேண்டும் எனவும் அது விதித்தது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் நாட்டின் ஊரகம் முழுவதும் பரவிற்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கு மாற்றாக, 125 நாள் வேலை குறித்த வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. சட்டம் பெற்றபின்னும் மக்கள் விழிப்போடு இருத்தல் வேண்டும் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

இங்கு ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். இவ்விரு சட்டங்களும் ஊரகத்திற்கு உரியவை. அபர்டீன் பஜாரில் சுமை தூக்குவோரும் கடை உதவியாளரும் நகரவாசிகள். ஆகவே இந்த உறுதிமொழி அவர்களைச் சேராது. நகர ஏழைகளுக்கும் வேலை உறுதி வேண்டும் எனக் கருதிய கேரளம் 2010ஆம் ஆண்டில் அய்யங்காளி பெயரால் ஒரு திட்டம் வகுத்தது. ராஜஸ்தான் 2022இல் தொடங்கியது. அவற்றிற்குத் தத்தம் மாநில அரசும் சட்டமன்றமும் உண்டு. சட்டமன்றம் இல்லாத தீவுகளுக்கு நாடாளுமன்றமே துணை.

ஓர் உறுப்பினரால் என்ன இயலும்?

ஒருவர் மட்டுமே உள்ளார் எனச் சோர்வடைய வேண்டியதில்லை. அவர் வினா நேரத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். விடையைப் பதிவு செய்யச் செய்யலாம். தனிநபர் சட்ட முன்வரைவைக் கொண்டுவரலாம். மக்கள் தரும் மனுவில் மேலொப்பமிட்டு அவையில் அளிக்கலாம். மனுக்களை ஆராய மக்களவையில் தனிக்குழுவே உண்டு. ஆனால், செய்தியையும் சான்றையும் மக்களே அவருக்குத் தருதல் வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. எதற்காக அழுகிறது எனத் தெரிந்தால்தான் தாயும் தக்கது தருவாள்.

அவ்விண்ணப்பத்தைத் தமிழிலும் எழுதலாம். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் விண்ணப்பம் அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆம் உறுப்பு அனைவருக்கும் வழங்குகிறது. மக்களவைக்கு நேரே செல்லும் மனுவாயின், இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் இணைத்தல் வேண்டும். வீட்டில் பேசும் மொழி, ஆள்வோரிடம் நீதி கேட்கும் மொழியாகவும் விளங்கும் என்பதை இங்குப் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் மறத்தலாகாது.

மாதிரி விண்ணப்பம்

பெறுநர்
மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள்,
அந்தமான் நிக்கோபார் தீவுகள் தொகுதி.

பொருள்: நகர வேலை உறுதித் திட்டம் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். அபர்டீன் பஜார்ப் பகுதியில் வாழும் நாங்கள் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறோம். எங்கள் தெருவிலுள்ள ______ வீடுகளில் நேரில் கேட்டறிந்ததில், வேலை தேடுவோர் ______ பேர். அவருள் பட்டம் பெற்றோர் ______ பேர். கப்பல் வராத நாள்களில் நாட்கூலி பெறுவோர்க்கு வருவாய் இல்லை.

1. ஊரகத்திற்கு உள்ளது போன்ற வேலை உறுதியை இந்நகருக்கும் வழங்கச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்தில் வலியுறுத்த வேண்டுகிறோம்.
2. தீவு நிருவாகத்தில் உள்ள காலியிடங்கள் எத்தனை, எப்பொழுது நிரப்பப்படும் என அவையில் வினா எழுப்ப வேண்டுகிறோம்.
3. மீன் பதப்படுத்துதல், படகு இயந்திரம் பழுதுபார்த்தல் ஆகிய தொழில்களில் இளைஞர்க்குப் பயிற்சி அளிக்க ஆவன செய்ய வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)

இவ்விண்ணப்பத்தில் வசைச்சொல் இல்லை, புலம்பல் இல்லை. யார், எங்கே, எத்தனை பேர், என்ன வேண்டும் என்பன தெளிவாக உள்ளன. படித்தவர் ‘ஆகட்டும்’ என்று கூறி மடித்து வைத்துவிட முடியாதவாறு, விடை கூறவேண்டிய வினா ஒன்றும் உள்ளது.

சொல்லும் பொருளும்

ஒட்டுப்பலகை – மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்யும் பலகை
முன்வரைவு – சட்டமாகும் முன் அவையில் வைக்கப்படும் வடிவம்
மேலொப்பம் – பிறர் ஒப்பத்தை உறுதிசெய்து இடும் ஒப்பம்
படி – ஊதியம் அல்லாத உதவித்தொகை
ஆவன – செய்யத்தக்கவை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சாத்தம் தீவின் மர அறுவை ஆலை நிறுவப்பட்ட ஆண்டு ______.
2. எம்மொழியிலும் விண்ணப்பிக்கும் உரிமையைக் கூறுவது அரசமைப்பின் ______ ஆம் உறுப்பு.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கப்பல் தாமதமானால் முதலில் பாதிக்கப்படுவோர் யாவர்? ஏன்?
2. வாழிடத்தைப் பணிக்குத் தகுதியாக்கும் கோரிக்கையை நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டியது ஏன்?

இ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.
1. 2004 டிசம்பருக்கும் 2005 ஆகஸ்டுக்கும் இடையே சட்ட முன்வரைவு அடைந்த மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் விளக்குக.
2. ‘காடும் வேண்டும், வேலையும் வேண்டும்’ – இக்கூற்றின் இரு பக்கங்களையும் ஆராய்ந்து உம் கருத்தை எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி: சேர்த்து எழுதுக.
1. வேலை + இல்லா = ______
2. மேல் + ஒப்பம் = ______
3. கடை + தெரு = ______

உ. செயல்திட்டம்
உம் தெருவிலுள்ள பத்து வீடுகளில் பெரியோர் துணையுடன் கேட்டு, வேலை தேடுவோர் எண்ணிக்கையைப் பெயர் குறிப்பிடாமல் அட்டவணைப்படுத்துக. மாதிரி விண்ணப்பத்தின் கோடிட்ட இடங்களை அதனைக்கொண்டு நிரப்புக. மூன்று கோரிக்கைகளுள் ஒன்றை நீக்கி, உம் தெருவுக்கு உரிய கோரிக்கை ஒன்றை எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.